காக்கா பறந்தா 5 கி.மீ., பஸ் போனா 116 கி.மீ.!



குரங்கணியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் இருக்கிற மலை தெரியும். நேர்கோட்டில் சுமார் 5 கி.மீ.தான். ஆனால் வண்டியில் போகணும்னா குரங்கணியிலிருந்து போடிக்கு 16, போடிமெட்டு வழியாக மூணாறுக்கு 68, அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 32. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 116 கி.மீ.! நடந்து ஏறுவதற்கு மட்டும் காட்டுப்பாதை உண்டு.

போடிக்கும் மூணாறுக்கும் நடுவில் மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 33 கி.மீ. வந்தது. சாலையில் அதைப்போல் இரண்டு மடங்கு. நூல் வைத்து வளைத்து வளைத்து அளந்தும் 68 வரவே இல்லை. சின்ன மேப்பில் போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கே வரைவார்கள்?

சரி, ரெண்டு ஊரிலும் விமான நிலையம் இருந்தால்? சிறிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. போகும். 33-ஐ 500-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 4 நிமிடம். நானும் அப்படித்தான் போட்டேன். அது தப்பு! போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், மூணாறு சுமார் 1,500 மீட்டர். விமானம் மேலே ஏறணும், திரும்பணும், வேகத்தைக் குறைத்து இறங்கணும். மதுரை - சென்னை நேர்தூரம் சுமார் 416 கி.மீ. கணக்குப்படி 50 நிமிடம்தான். ஆனால் ஏ.டி.ஆர். விமானத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் போல் ஆகிவிடும். ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். நடுவில் 2.7 கி.மீ.தான். குட்டி விமானம் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. கால அட்டவணைப்படி நடக்கும் விமானப் பயணங்களில் உலகிலேயே மிகக் குறுகியது அதுதான். கடலுக்கு மேலே தாழ்வாகப் பறப்பதால் மலை ஏறுகிற வேலை இல்லை.

நம்ம மலையிலும் ஒண்ணு பறந்தது, தெரியுமா? தேயிலைப் பெட்டி! மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அதை சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு கம்பியில் தொங்கியபடி பெட்டி இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்துபோனது. போடிக்கு மதுரை ரயில் வந்ததே 1928-ல்தான்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் இருட்டு, புகை, செங்குத்துச் சரிவு. முதலில் போய்ச் சேர்ந்தது நடந்து ஏறிய ஊர்க்காரர்கள்தான்.

எங்கம்மா பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் போகிறார்கள். இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரிடி, கூலி நேரம் காட்டுல இறங்கினப்புறம்தானே ஆரம்பிக்குது. ஜீப்புல போற நேரத்தை எந்தக் கணக்குல சேர்த்த?" என்று கேட்டார்கள். நான் சேர்க்கவில்லை. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வாரம் ஆறு நாளைக்கு 18 மணி நேரம்.