எத்தனை டன் லோரி வேண்டும்?

பீடோரில் வீடு மாறப்போகிறவர் லோரிக்காரருக்குப் போன் போட்டால், மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி, "ஒரு டன்னா, மூனு டன்னா அண்ணே?" என்பதுதான். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குப் போகிறவரும் சரி, பிள்ளைகள் வேலை பார்க்கும் ஈப்போவுக்குக் குடிபெயர்கிறவரும் சரி, அந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். சொந்தச் சாமான்களை யார் எடைபோட்டு வைத்திருக்கிறார்கள்? நல்லவேளையாக, அதற்கு அவசியமும் அதிகமில்லை. வீட்டுச் சாமான் விஷயத்தில் லோரியில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இடம்தான்.

வீடு மாற்றித் தரும் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு கன அடிச் சாமானுக்கு 7 பவுண்டு. நம் அளவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 112 கிலோ. அதே அளவு தண்ணீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. சோபா, அலமாரி, மெத்தை எல்லாவற்றிலும் நாம் ஏற்றிச் செல்வது பாதிக்குமேல் காற்றைத்தான்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு லோரியைப் பார்க்கலாம். 10 அடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள சின்ன லோரியில் 6 அடி உயரத்துக்கு அடுக்கினால் 330 கன அடி. எடை சுமார் 1050 கிலோ. ஒரு டன் லோரியில் இடமும் எடையும் ஒன்றாகவே முடிகின்றன. மூனு டன் என்று சொல்லும் 14 அடி லோரியில் ஆறரை அடி அகலம், 7 அடி உயரம் என்று வைத்தால் 637 கன அடி. அப்போதும் எடை 2 டன்னைச் சற்றே தாண்டும். ஆகவே டேப் ஒன்றை எடுத்து அலமாரி, கட்டில், பிரிட்ஜ் ஆகியவற்றை அளந்து கூட்டிவிட்டு, அதன் பிறகு போன் போடுங்கள். அம்மி, ஆட்டுக்கல், மண் நிரம்பிய பூந்தொட்டி, புத்தகப் பெட்டி நிறைய உள்ள வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

"மூனு டன்" என்பதும் பேச்சுவழக்குப் பெயர்தான். உண்மை லோரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது: பாரமில்லாத எடை ஒன்று, பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட எடை ஒன்று. 2800, 5000 என்றிருந்தால் 2200 கிலோதான் ஏற்றலாம், யார் என்ன சொன்னாலும். நம் ஊரில் லோரியோடு டிரைவரும் வந்துவிடுவார். நீங்களே ஓட்டுவதானால் முதல் எண்ணைப் பாருங்கள்; டி லைசன்ஸ் 3500 கிலோ வரைக்கும்தான். சரக்கு லைசன்ஸ் வேண்டுமா என்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கேட்டுக்கொள்வதும் நல்லது. அதிக பாரம் என்பது தெலுக் இந்தானுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு வெறும் சம்மன் விஷயமில்லை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமிப் பாதுகாப்புப் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றிய லோரியுடனான மோதலில் இறந்தார்கள். அந்த லோரி அளவுக்கு மீறி ஏற்றியிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

ஏற்றும் முறையில்தான் பௌதிகம் முழுதாக வேலை செய்கிறது. கனமானவை அடியிலும் டிரைவர் அறையை ஒட்டியும் இருக்கவேண்டும். பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் குவிந்தால் சீசாப் பலகைபோல முன்பக்கம் எழும்பி, ஸ்டேரிங் பிடி தளரும். உயரமும் முக்கியம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் 0.39 பங்கு. வேகம் 60 ஆனால் அது 0.57, பத்தே கிலோமீட்டர் கூடியதற்கு விசை 44 விழுக்காடு கூடிவிடுகிறது. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமும், ஈர்ப்பு மையம் 1.4 மீட்டர் உயரமும் உள்ள லோரி 0.5இலேயே கவிழத் தொடங்கும். மையத்தை 1.1 மீட்டருக்கு இறக்கினால் 0.64 வரை தாங்கும். அம்மியைக் கடைசியில் தூக்கி மேலே வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிரேக் போடும்போது பாரம் தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே பாயும் என்று வைத்துத்தான் ஐரோப்பிய விதிமுறை கட்டச் சொல்கிறது. 70 கிலோ பிரிட்ஜ் என்றால் 56 கிலோ. தகரத் தளத்தின் உராய்வு கெழு 0.3 என்றால் 21 கிலோவைத்தான் பிடித்துக்கொள்ளும். அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டால் கெழு 0.6 ஆகி, 42 கிலோவைப் பிடிக்கும். மீதியைக் கயிறு பார்த்துக்கொள்ளும். பிடி இப்படிக் கூடுவதற்கு, ரப்பர் அந்தத் தளத்தின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பால்மரம் வெட்டி வளர்ந்த ஊரில் ரப்பருக்கா பஞ்சம்? பழைய டியூப்பைக் கிழித்துப் போட்டாலும் போதும்.

சின்ன லோரியில் இரண்டு நடையா, பெரியதில் ஒன்றா? லயத்துச் செம்மண் சந்துக்குச் சின்னதுதான் நுழையும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்கு என் ஓட்டு பெரியதற்கே. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனபோதே, இரண்டு நடையில் மிச்சம் பிடிக்கும் ஆசை பலருக்குப் போயிருக்கும்.

கடைசியாக மெத்தை. எல்லோரும் அதைத்தான் உச்சியில் போடுகிறார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ. முன் விளிம்பு தூக்கி மெத்தை நிமிர்ந்துவிட்டால், இருவர் படுக்கும் மெத்தையை நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை பிய்த்தெடுக்கும். 45 கிலோமீட்டரில் அது நான்கில் ஒரு பங்குதான். மெத்தை மேலேதான் போயாக வேண்டுமென்றால், நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, தாப்பா, கம்பார், கோப்பெங் வழியாகப் பழைய சாலையில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அதுவும் காலையிலேயே; மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து மழை இறங்கிவிடும்.