வைஃபையில் குரல் ஏன் வெட்டுகிறது?

மாணவர்களே, லுணுகலையில் உங்கள் லயன் வீட்டிலிருந்து, குவைத்தில் வேலை செய்யும் அம்மாவுடன் வட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள் எனக் கொள்வோம். திரையில் வைஃபைக் கோடுகள் முழுமையாக உள்ளன. ஆனாலும் "சாப்... யா?" என்றுதான் கேட்கிறது. காரணம் என்ன?

"வேகம் போதாது" என்றே பலர் எழுதுவர். பெரும்பாலும் அது பிழையான விடை. தொலைபேசித் தரக் குரலுக்குச் செக்கனுக்கு 64 கிலோபிட் போதும். முகவரி முதலிய தகவல்களைச் சேர்த்தாலும் 100ஐத் தாண்டாது. பொதுவாக 20 மில்லிசெக்கன் குரல் ஒரு பொதியாகும். அதாவது செக்கனுக்கு 50 பொதிகள். இவை சீராக வந்துசேர வேண்டும் என்பதே முக்கியம்.

பசறையிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் லுணுகலைக்குப் புறப்படுவதாக நினையுங்கள். வழியில் ஒன்று தடைப்பட்டால் ஒரு மணித்தியாலம் எதுவும் வராது. பிறகு மூன்றும் ஒன்றாக வரும். பொதிகளின் வருகையில் ஏற்படும் இத்தகைய ஒழுங்கின்மையே ஜிட்டர் எனப்படும். (நான் கலைப் பட்டதாரி. எனக்கும் பஸ்ஸை வைத்துத்தான் இது விளங்கியது.) கைப்பேசி பொதிகளைச் சற்றுச் சேர்த்து வைத்தே ஒலிக்கச் செய்யும். அதற்கும் பிந்தி வருவது வீசப்படும். அம்மாவின் சொல் அங்கேதான் விடுபடுகிறது. கூடுதலாகக் காத்திருந்தால் என்ன? ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவர்.

வைஃபையில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே அனுப்பலாம். மற்றவை கேட்டுக் காத்திருக்கும். கருங்கற் சுவரின் இரு புறமும் உள்ள கைப்பேசிகளுக்கோ ஒன்றின் சமிக்ஞை மற்றதற்குக் கேட்காமற் போகலாம். இரண்டும் ஒன்றாக அனுப்ப, பொதிகள் மோதும். மீண்டும் அனுப்ப வேண்டும். பொதி தொலையாவிட்டாலும் பிந்திவிடும்.

தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம நோயாளிகளை வீடியோ மூலம் பரிசோதிக்க 2000களின் நடுப்பகுதியில் நீண்டதூர வைஃபையைப் பயன்படுத்தியது. பல கிலோமீற்றர் தூரத்தில், "கிடைத்தது" என்ற பதில் வருமுன்னரே சாதாரண வைஃபைக் கருவி பொதி தொலைந்ததாக எண்ணி மீண்டும் அனுப்பிவிடும். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றி, இரு முனைகளுக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்கினர்.

வீட்டில் அவ்வளவு வேண்டாம். ரூட்டருக்கு அருகில், இடையில் சுவரில்லாமல் இருந்து பேசுங்கள். தம்பியின் யூடியூப்பை அந்தப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

பயிற்சி: 3 செக்கன் பேச்சில் எத்தனை பொதிகள்? அவற்றில் 6 பிந்தினால் எத்தனை மில்லிசெக்கன் குரல் இழக்கப்படும்?