வெப்பமண்டல அடுக்கு மண்டல அலைகள்: செயற்கைக்கோள் வழி ஆய்வு

வெப்பமண்டல அடுக்கு மண்டல அலைகள் என்பவை நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேலே, ஏறத்தாழ 17 முதல் 50 கி.மீ. உயரம் வரையுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் அடுக்கு மண்டலத்தில் பரவும் காற்று, வெப்பநிலை அலைவுகள் ஆகும். இவற்றுள் பல, கீழேயுள்ள இடிமழை மேகக் கூட்டங்களால் உருவாகி மேல்நோக்கிச் செல்கின்றன. உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலைகளின் வீச்சு பெருகுகிறது. இறுதியில் அவை சிதைந்து, தாம் சுமந்து வந்த உந்தத்தை அங்குள்ள காற்றுக்குக் கொடுக்கின்றன.

முக்கிய வகைகள்

கெல்வின் அலைகள் கிழக்கு நோக்கிப் பரவுபவை. ஒரே அலை பூமியைச் சுற்றிலும் நீளும் அளவுக்குப் பெரியது. கீழ் அடுக்கு மண்டலத்தில் இவற்றின் அலைவுக்காலம் பொதுவாக 10 முதல் 20 நாட்கள். கலப்பு ராஸ்பி-ஈர்ப்பு அலைகள் மேற்கு நோக்கிப் பரவுகின்றன. வளிமண்டல ஈர்ப்பு அலைகள் இவற்றைவிட மிகச் சிறியவை. ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்பலைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

1966இல் மட்சுனோ நிலநடுக்கோட்டு அலைகளுக்கான கோட்பாட்டை வெளியிட்டார். அடுக்கு மண்டலத்தில் கெல்வின் அலைகள் இருப்பதை வாலஸ், கௌஸ்கி ஆகியோர் 1968இல் பலூன் அளவீடுகளிலிருந்து காட்டினர்.

ஏன் ஆராய வேண்டும்?

நிலநடுக்கோட்டு அடுக்கு மண்டலக் காற்று சராசரியாக 28 மாதங்களுக்கு ஒருமுறை தன் சுழற்சியை முடிக்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்றும் கிழக்கிலிருந்து வீசும் காற்றும் மாறிமாறித் தோன்றி, மாதத்திற்குச் சுமார் 1 கி.மீ. வீதம் கீழிறங்குகின்றன. இதுவே ஈராண்டுப் போலி அலைவு. இதை இயக்குவது மேற்கூறிய அலைகளே என்பதை லிண்ட்சென், ஹோல்டன் ஆகியோர் விளக்கினர். ஓசோனின் பரவலிலும் வடதுருவக் குளிர்காலச் சுழலிலும் இந்த அலைவின் தாக்கம் உண்டு.

2016 பிப்ரவரியில் இந்தச் சுழற்சி குலைந்தது. மேற்குக் காற்றுப் படலத்தின் நடுவே, சுமார் 40 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், கிழக்குக் காற்று தோன்றியது. முன்னறிவிப்பு மாதிரிகள் இதை முன்கூட்டிக் காட்டவில்லை. வட அரைக்கோளத்திலிருந்து வந்த ராஸ்பி அலைகளே முதன்மைக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. 2019-20இல் இத்தகைய குலைவு மீண்டும் நிகழ்ந்தது.

செயற்கைக்கோள் அளக்கும் முறை

பலூன் நிலையங்கள் பெரும்பாலும் நிலப்பகுதிகளிலேயே உள்ளன. வெப்பமண்டலத்தின் பெரும்பகுதியோ கடல். இந்த இடைவெளியைச் செயற்கைக்கோள்கள் நிரப்புகின்றன.

வானொலி மறைப்பு முறையில், ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் சமிக்ஞை வளிமண்டலத்தைக் கடக்கும்போது எவ்வளவு வளைகிறது என்பதைத் தாழ்ந்த சுற்றுப்பாதையிலுள்ள மற்றொரு செயற்கைக்கோள் அளக்கிறது. அந்த வளைவிலிருந்து காற்றின் அடர்த்தியும் வெப்பநிலையும் கணக்கிடப்படுகின்றன. மேகங்கள் இதற்குத் தடையல்ல. 2006இல் ஏவப்பட்ட காஸ்மிக் திட்டத்தின் ஆறு செயற்கைக்கோள்கள் இம்முறையைப் பரவலாக்கின. 2019இல் ஏவப்பட்ட காஸ்மிக்-2, வெப்பமண்டலத்தை அடர்த்தியாக அளப்பதற்கென்றே தாழ்ந்த சாய்வுள்ள சுற்றுப்பாதையில் வைக்கப்பட்டது.

டைமெட் செயற்கைக்கோளிலுள்ள சேபர் கருவி, கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைப் பக்கவாட்டில் நோக்கி, வெப்பநிலையைக் கணிக்கிறது.

அலையைப் பிரித்தெடுத்தல்

முதலில் ஒவ்வோர் அட்சரேகையிலும் சராசரி வெப்பநிலை கழிக்கப்படுகிறது. எஞ்சும் ஏற்ற இறக்கங்கள் தீர்க்கரேகை, காலம் ஆகியவற்றின் அடிப்படையில் ஃபூரியே முறையில் பகுக்கப்படுகின்றன. கிழக்கு நோக்கி நகர்ந்து, நிலநடுக்கோட்டில் உச்சம் பெற்று, இருபுறமும் சமச்சீராகத் தேய்பவை கெல்வின் அலைகள் என அடையாளம் காணப்படுகின்றன. பேரளவு அலைகளை நீக்கியபின் மிஞ்சும் நுண்ணிய மாறுபாட்டிலிருந்து ஈர்ப்பு அலைகளின் நிலையாற்றல் கணக்கிடப்படுகிறது.

வரம்புகள்

எந்த ஒரு கருவியும் எல்லா அலைகளையும் காண்பதில்லை. பக்கவாட்டில் நோக்கும் கருவிகள், பார்வைத் திசையில் சில நூறு கி.மீ. தொலைவுக்குச் சராசரி காண்பதால், கிடைத்தளத்தில் குறுகிய அலைகளைத் தவறவிடுகின்றன. நேர் கீழே நோக்கும் கருவிகளோ செங்குத்தில் குறுகிய அலைகளை உணர்வதில்லை. ஆகவே ஒரு கருவி அலை இல்லை எனக் காட்டினால், அங்கு அலையே இல்லை என்று முடிவு செய்ய இயலாது. பல கருவிகளின் தரவுகளை ஒப்பிட்டும், ரேடார், பலூன் அளவீடுகளுடன் சரிபார்த்துமே நம்பத்தக்க முடிவுகள் பெறப்படுகின்றன.