எச்சரிக்கை மணியும் ஏமாறும் மனிதனும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு மாலை நேரம். காளவாசலில், தேனி சாலையும் பைபாஸ் சாலையும் கூடும் இடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, என் தந்தையார் ஒரு மாவு மில் நடத்தி வருகிறார். தீபாவளி நெருங்கிவிட்டதால் முறுக்கு மாவு அரைக்க வந்தவர்களின் கூட்டம் தெருவரை நின்றது. அப்போது தந்தையாரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சென்ற மாத மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை என்றும், இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும் என்றும், உடனே இந்த எண்ணை அழைக்கவும் என்றும் அது கூறியது. தீபாவளி வாரத்தில் மின்சாரம் இல்லாத மாவு மில்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

"தம்பி, நீதான் படிச்சவன். என்னன்னு பாருப்பா" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். படித்தவன் பார்த்தான். மறுமுனையில் பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். கணக்கைப் புதுப்பிக்கப் பத்தே ரூபாய் கட்டினால் போதும் என்றார். அதற்காக ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். நம் கைப்பேசியின் திரையைத் தொலைவிலிருந்தே பிறர் காணவும் இயக்கவும் வழி செய்யும் செயலி அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அனுமதி கேட்டது, என் விரலாலேயே அனுமதித்தேன். கால் மணி நேரத்திற்குள் மூன்று தவணைகளாக 38,000 ரூபாய் போய்விட்டது. புது மோட்டார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

இதில் நான் மிகவும் வெட்கப்படுவது வேறொன்றுக்காக. ஒவ்வொரு முறை பணம் போனபோதும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதாவது இயந்திரம் தன் கடமையைச் செய்தது. நாள்தோறும் வந்து குவியும் விளம்பரச் செய்திகளுள் ஒன்று என்று எண்ணி நான்தான் அதைத் திரையிலிருந்து தள்ளிவிட்டேன். அன்றிலிருந்தே ஒரு வினா என்னைக் குடைந்துகொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு வங்கிகளைக் காவல் காக்கிறது என்கிறார்களே, அது எங்ஙனம் காக்கிறது? காவலையும் மீறி ஏன் களவு போகிறது? வணிகவியல் மாணவனாகிய எனக்கு விளங்கிய அளவில் சிலவற்றை ஈண்டு எழுதுகிறேன். கணிப்பொறித் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

காவல் செய்யும் முறை என் தந்தையார் அறிந்ததுதான். யார் எந்தக் கிழமையில் எத்தனை கிலோ அரிசி கொண்டுவருவார் என்பது அவருக்கு மனப்பாடம். எப்போதும் இரண்டு கிலோ கொண்டுவருபவர் ஒரு நாள் ஐம்பது கிலோ கொண்டுவந்தால் நிமிர்ந்து பார்ப்பார், "வீட்டுல விசேஷமா?" என்று கேட்பார். செயற்கை நுண்ணறிவும் இதையே இலட்சக்கணக்கான கணக்குகளில் ஒரே நேரத்தில் செய்கிறது. பழைய வரவு செலவுகளைப் பயின்று, இக்கணக்கிற்கு இயல்பானது எது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து விலகுவதைச் சுட்டிக் காட்டுகிறது. ஆனால் அதனால் விசேஷமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இயலாது.

இங்குதான் ஒரு கணக்கு வருகிறது. ஒரு வங்கியில் நாளொன்றுக்கு 1,00,000 பரிமாற்றங்கள் நடப்பதாகவும், அவற்றுள் 10 மட்டுமே திருட்டு என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் சிறந்த இயந்திரம் ஒன்றைக் காவலுக்கு வைக்கிறோம். அது அந்தப் பத்துத் திருட்டையும் பிடித்துவிடுகிறது என்றே கொள்வோம். எஞ்சிய நேர்மையான பரிமாற்றங்களில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகச் சந்தேகித்தாலே ஏறத்தாழ 1,000 வீண் எச்சரிக்கைகள்! ஆக, நூறு முறை மணி அடித்தால் ஒரு முறைதான் மெய்யான கள்வன். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊழியர் என்ன செய்வார்? நான் குறுஞ்செய்திக்குச் செய்ததைத்தான் செய்வார்.

பெரிய இடத்திலும் இதுவே நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் பங்களாதேசத்தின் மத்திய வங்கியில் ஊடுருவிய கள்வர்கள், நாடுகளுக்கிடையே பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் முறையின் வழியாக, நியூயார்க்கில் இருந்த அவ்வங்கியின் பணத்திலிருந்து சுமார் 95 கோடி டாலரை அனுப்புமாறு 35 ஆணைகளை விடுத்தனர். ஆணைகளின் விவரங்களைத் தாளில் தரும் அச்சுப்பொறியை முன்னதாகவே முடக்கிவிட்டனர். டாக்கா அலுவலகத்தில் அச்சுப்பொறி ஓடாததைக் கண்டவர்கள் வழக்கமான கோளாறு என்றே கருதினர். நம் அலுவலகங்களில் அச்சுப்பொறி ஓடாததற்கு யார்தான் காவல் நிலையம் செல்வார்? போதாதற்கு, வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை பிலிப்பைன்சில் சீனப் புத்தாண்டு. கள்வர்கள் நாட்காட்டியையும் நன்கு படித்திருந்தனர்!

அப்பணம் எப்படித் தப்பியது என்பதுதான் சுவையானது. பெரும்பாலான ஆணைகளில் 'ஜூப்பிட்டர்' என்ற சொல் இருந்தது. மணிலாவில் பணம் சேரவேண்டிய வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் அது. ஈரான் தொடர்பான அமெரிக்கத் தடைப் பட்டியலில், இதற்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு கப்பலின் பெயரிலும் அதே சொல் இருந்ததாம். இயந்திரம் சொல்லைக் கண்டு நிறுத்தியது. காரணம் தவறு, விளைவு நன்று. இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்திற்கென்று அனுப்பிய 2 கோடி டாலரோ வேறு வகையில் மீண்டது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைக் கள்வர்கள் 'ஃபாண்டேஷன்' என்று எழுதிவிட்டனர். இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி எழுத்துப் பிழை கண்டு ஐயுற்று விளக்கம் கேட்டது. பிலிப்பைன்சுக்குப் போன 8.1 கோடி டாலரே கள்வர் கையில் சிக்கியது.

இரண்டே ஆண்டுகளில் இது நம் தமிழகத்திற்கும் வந்தது. 1904இல் தொடங்கிய, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், அதே ஸ்விஃப்ட் வழியாக, அதே போல் அச்சுப்பொறியை முடக்கிவிட்டு, சுமார் 20 இலட்சம் டாலருக்கு மூன்று ஆணைகள் போயின. மறுநாள் காலை முந்தைய நாள் கணக்கைச் சரிபார்த்தபோது வங்கியினர் கண்டுகொண்டனர். துபாய்க்குச் சென்ற 5 இலட்சம் டாலரும், துருக்கிக்குச் சென்ற 3 இலட்சம் யூரோவும் தடுக்கப்பட்டன. சீனாவுக்குச் சென்ற 10 இலட்சம் டாலரை ஒருவர் போலி ஆவணம் காட்டிப் பெற்றுவிட்டார். காலையில் அமர்ந்து கணக்கை நேர் பார்ப்பது நம் துறையில் முதலாண்டிலேயே நமக்குச் சலிப்பூட்டும் பாடம். அதுதான் அன்று களவைக் காட்டியது.

காவல் இயந்திரமே சரிந்த கதையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் 85 இலட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். கள்வன் எவனும் வரவில்லை.

இப்போது கள்வர் பக்கமும் செயற்கை நுண்ணறிவு நிற்கிறது. அது எழுத்துப் பிழை செய்யாது. முன்பெல்லாம் மோசடிச் செய்திகளின் தமிழே அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்; இன்று அவை நம் தேர்வு விடைத்தாள்களைக் காட்டிலும் பிழையின்றி வருகின்றன. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவரைப் பழைய சக ஊழியரின் முகத்தோடும் குரலோடும் காணொளியில் அழைத்து 40,000 ரூபாய் பறித்தனர். முகமே பொய்யாகும்போது பிழைத்திருத்தம் பார்த்து என்ன பயன்? அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் நாமே அழைத்துக் கேட்பது ஒன்றுதான் அவருக்கும் எனக்கும் உதவியிருக்கும்.

அன்றிரவே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்தோம். உடனே சொன்னதால் கடைசித் தவணையின் 9,000 ரூபாய் வழியிலேயே நிறுத்தப்பட்டு, மாதங்கள் கழித்துக் கைக்கு வந்தது. மீதி எங்கே என்று கேட்டபோது காவல் நிலையத்தில் சொன்ன விடை என்னைத் திடுக்கிடச் செய்தது. பணம் முதலில் போய்ச் சேர்ந்தது வேறொரு மாவட்டத்தில் நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவரின் கணக்கிற்கு. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் யாரோ ஒரு 'அண்ணனுக்கு' வாடகைக்கு விட்டிருந்தாராம். இத்தகைய வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. திருடனின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வழக்கில் இருப்பது அந்த மாணவரின் பெயர்தான்.

சென்ற பருவத்தில் நம் கல்லூரி வாயிலிலும் ஒருவர் நின்று, கணக்குத் தொடங்கித் தந்தால் இரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சிலரிடம் பேசினார். என் வகுப்பிலேயே இருவர் யோசித்துக்கொண்டிருந்தனர். மாவு மில்லின் பழைய மோட்டாரைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். ஒருவர் தம் அட்டையைத் திரும்ப வாங்கிவிட்டார்.