பால் கணக்கை ஒரு சீட்டில் அடக்கிய ஆனந்த்

பால் சொசைட்டியில் காலை வேலை மளமளவென்று நடக்கிறது. பாலை அளக்கிறார்கள், சாம்பிள் எடுக்கிறார்கள், கையில் ஒரு சீட்டு வருகிறது. அளவு, கொழுப்பு, விலை, மொத்தத் தொகை எல்லாம் அதிலேயே இருக்கிறது. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தச் சீட்டுக்குப் பின்னால், குஜராத் மாநிலம் கேடா மாவட்ட விவசாயிகளின் போராட்டம் இருக்கிறது.

15 நாள் பால் நிறுத்தம்

1945-ம் ஆண்டு பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்பும் திட்டம் தொடங்கியபோது, கேடா மாவட்டத்தில் பால் வாங்கும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பாலைச் சேகரித்தவர்கள் இடைத்தரகர்கள். பால் கெட்டுப்போகும் பொருள் என்பதால், சொன்ன விலைக்குக் கொடுப்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை.

சர்தார் வல்லபாய் படேலின் ஆலோசனைப்படி, 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூட்டம் போட்டார்கள். 15 நாள்கள் பாலைக் கொடுக்க மறுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். பிற்காலத்தில் 'அமுல்' என்று நாடறிந்தது இந்தச் சங்கம்தான்.

கிண்டியில் படித்த இன்ஜினீயர்

1949-ல் அரசு வேலைக்காக ஆனந்துக்கு வந்தார் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். பின்னர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார்.

பால் தொழிலில் குளிரூட்டுவது, பதப்படுத்துவது, வண்டி ஓட்டுவது, நகரத்தில் விற்பது என்று நூறு வேலைகள். அத்தனையையும் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் பார்த்துக்கொண்டார்கள். விவசாயியின் வேலை, பாலைக் கொண்டுவந்து ஊற்றுவதோடு முடிந்தது. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் பணம். யார் ஊற்றினாலும் ஒரே வரிசை, ஒரே அளவை.

எருமைப்பால் முடிச்சு

இதில் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். பம்பாய்க்கு அவ்வளவு தேவையில்லை. மிஞ்சும் பாலை என்ன செய்வது? பவுடராக்கலாம் என்றால், எருமைப்பாலில் அது முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள். குரியனின் நண்பரும் பால் தொழில்நுட்ப வல்லுநருமான எச்.எம்.தலாயா அதைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு புதிய ஆலையைத் திறந்துவைத்தார்.

அதன் பிறகு விவசாயியிடம் 'இன்று பால் வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. ஆலைக்குள் சிக்கல் கூடியது. கிராமத்தில் கணக்கு எளிதானது. இன்னொரு மாடு வாங்கலாமா என்று ஒரு குடும்பம் தைரியமாக யோசிக்க முடிந்தது அதனால்தான்.

1965-ல் தேசிய பால்வள வாரியம் ஆனந்தில் உருவானது. 1970-ல் 'ஆபரேஷன் ஃபிளட்' தொடங்கியது. கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம் என்ற மூன்றடுக்கு முறை பல மாநிலங்களுக்கும் பரவியது. நம் ஆவினும் இதே அமைப்பில்தான் இயங்குகிறது.

சீட்டைப் படிப்பது எப்படி?

கொழுப்பை வைத்து விலை போடும் கணக்கு சுலபமானது. ஒரு கிலோ கொழுப்புக்கு 800 ரூபாய் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 6 சதவிகிதக் கொழுப்புள்ள 5 கிலோ பாலில் 300 கிராம் கொழுப்பு. விலை 240 ரூபாய். அதுவே 7 சதவிகிதமானால் 350 கிராம். விலை 280 ரூபாய். பல இடங்களில் கொழுப்போடு, எஸ்.என்.எஃப் எனும் கொழுப்பு அல்லாத திடப்பொருளையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அங்கு, விலைப்பட்டியலில் இரண்டு எண்களும் சந்திக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதனால் மடியில் மிச்சம் வைக்காமல் கறக்க வேண்டும். சாம்பிள் எடுப்பதற்கு முன்பு பாலை நன்றாகக் கலக்கச் சொல்லிக் கேட்பது உற்பத்தியாளரின் உரிமை.

உழவர் குழு நடத்துவோருக்கு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, காய்கறிக் குழுவோ நடத்துபவர்களுக்கு ஆனந்தில் பாடம் இருக்கிறது. கமிஷன், கழிவு, தரம், வண்டி வாடகை என்று பத்து வரியில் கணக்குச் சொன்னால், உறுப்பினர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை வியாபாரியிடம் போய்விடுவார். எடை, தரம், விலை, கைக்கு வரும் தொகை என நான்கே வரியில் சீட்டு கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பணம் வரும் நாளையும் அதில் எழுதிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு, பள்ளிக்கூடம் போகும் பேத்தி படித்துச் சொன்னாலே புரிய வேண்டும். அப்படிப் புரியும் சங்கத்தைத்தான் விவசாயிகள் கைவிட மாட்டார்கள்.