சீதோஷ்ண நிலையும் செயற்கைக்கோள் நில அளவையும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், திருவண்ணாமலை ஜில்லாவை வெகுவாகப் பாதித்தது. டிசம்பர் 1-ந் தேதி அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறி, தென்பெண்ணைக் கரையோர நிலங்களில் பாய்ந்தது.

இத்தகைய வெள்ளம் வடிந்த பின், வரப்பு கரைந்தும் எல்லைக்கல் வண்டலில் புதைந்தும் போவது சகஜம். அப்பொழுது புலப்படத்தைக் கொண்டு எல்லையை மறுபடியும் நிலத்தில் காட்ட வேண்டியிருக்கும். அவ்வேலைக்கு இப்பொழுது சங்கிலியோடு 'ரோவர்' என்னும் செயற்கைக்கோள் கருவியும் உபயோகத்தில் உள்ளது. மேகம் மூடிய நாளில் இக்கருவி கூறும் அளவை நம்பலாமா என்ற ஐயம் குடியானவர்களுக்கு எழுவது இயல்பே. 100 மீட்டர் நீளமுள்ள வரப்பு 30 சென்டிமீட்டர் தள்ளி அமைந்தால், ஏறக்குறைய முக்கால் சென்ட் நிலம் கைமாறிவிடும். ஆகவே இவ்விஷயத்தை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

பழைய அனுபவம்

அளவையைச் சீதோஷ்ணம் கெடுப்பது புதிதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் லாம்ப்டன் என்பவர் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளுமாதலால், அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, உஷ்ணமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் திருத்திக் கணக்கிட்டார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், பகல் வெப்பத்தில் பார்வைக்கோடு வளைவதைக் கண்டு, இரவில் விளக்கேற்றி அளக்கும் முறையைக் கைக்கொண்டார். கருவி மாறினும் காற்று மாறவில்லை.

நிலையங்கள் வேலை செய்யும் விதம்

அமெரிக்க ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலும், இந்திய நாவிக் கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலும் உள்ளன. அவை அனுப்பும் ரேடியோ அலை தரையை அடையும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அலை வழியில் சிறிது தாமதித்தாலும் தூரம் அதிகமாகத் தோன்றும். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதம் 300 மீட்டர் பிழைக்குச் சமம்.

இப்பிழையைக் கழிப்பதற்காகவே நிலையான ஆதார நிலையங்கள் ஏற்பட்டன. இவற்றைக் 'கார்ஸ்' நிலையங்கள் என்பர். இந்திய நில அளவை இலாகாவும், தமிழ்நாட்டு நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இலாகாவும் இவற்றை அமைத்துள்ளன. நிலையம் இருக்கும் இடம் துல்லியமாக அறியப்பட்டது. ஆதலால், கோள் காட்டும் இடத்திற்கும் உண்மை இடத்திற்கும் உள்ள வேற்றுமையே அந்நேரத்துப் பிழையாகும். அதற்குரிய திருத்தம் வயலிலுள்ள ரோவருக்கு உடனே அனுப்பப்படுகிறது. நிலையத்தின் மேலுள்ள காற்றும் வயலின் மேலுள்ள காற்றும் ஒத்திருக்கும் வரையில் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டும் வேறுபட்டால் மிச்சம் நிற்கும்.

மழையும் மேகமும்

இந்த அலைகளின் நீளம் ஏறக்குறைய 19 முதல் 25 சென்டிமீட்டர். மழைத்துளியோ மிகச் சிறியது. ஆகவே மேகமும் மழையும் அலையைத் தடுப்பது மிகச் சொற்பமே. ஆனால் மழையில் நனைந்த இலைகள், காய்ந்த இலைகளைக் காட்டிலும் அலையை அதிகமாக உறிஞ்சும். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் மழைக்குப் பின் அளப்பது இதனால் கடினமாகிறது. வயலில் தேங்கிய நீரும் அலையைப் பிரதிபலித்துக் கருவியை ஏமாற்றக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத நீராவி

உண்மையான தொல்லை காற்றில் கலந்துள்ள நீராவியால் வருவது. தலைக்கு நேர் மேலிருந்து வரும் அலையை உலர்ந்த காற்று மட்டும் சுமார் 2.3 மீட்டர் தூரத்திற்குச் சமமாகத் தாமதப்படுத்தும். காற்றழுத்தத்தைக் கொண்டு இதைச் சரியாகக் கணக்கிட்டு நீக்கலாம். நீராவியால் ஏற்படுவது, ஈரம் மிகுந்த நாட்களில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரையே. ஆயினும் அது இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறுவதால் கணக்கில் அடங்குவதில்லை. கோடையில் பிற்பகல் இடிமழை ஒரு பிர்க்காவில் பெய்ய, அடுத்த பிர்க்கா வறண்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். நிலையம் வறண்ட பக்கத்திலும் வயல் மழைப் பக்கத்திலும் இருந்தால் திருத்தம் முழுமையாகப் பொருந்தாது.

இப்பிழை எல்லையை விட உயரத்தையே அதிகமாகப் பாதிக்கும். 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வாட்டம் விட வேண்டிய வாய்க்காலில் 5 சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால் தண்ணீர் கடைமடைக்குச் சரிவர ஏறாமல் போகக்கூடும். ஆகவே வாய்க்கால் மட்டம் பார்ப்பதற்கு மட்டக்கருவியே தக்கது.

மேல் மண்டலம்

தரைக்குச் சுமார் 60 கிலோமீட்டருக்கு மேல், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலம் உள்ளது. பூமியின் காந்த மத்திய ரேகை தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இம்மண்டலத்தின் கலக்கம் நம் நாட்டில் அதிகம். தாமதம் பிற்பகல் 2 மணியளவில் உச்சமடையும். இரண்டு அலைவரிசைகளை ஏற்கும் கருவிகள் இதைப் பெரும்பாலும் நீக்கிவிடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் அஸ்தமனத்திற்குப் பின் அலை துடிப்பதால், கருவி பிடிப்பை இழப்பதும் உண்டு. 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய சூரியப் புயலின்போது, அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகள் பலர் வேலையை நிறுத்த நேர்ந்தது.

வேங்கிக்கால் போன்ற இடங்களில்

ஜில்லாவின் தலைமை அலுவலகம் அமைந்த வேங்கிக்காலைச் சுற்றியுள்ள வயல்களுக்கு அண்ணாமலை ஒரு பக்கத்து வானத்தை மறைக்கிறது. அடிவானத்தை ஒட்டிய கோள்களின் அலை ஈரக்காற்றில் நெடுந்தூரம் வருவதால் அவற்றை எப்படியும் ஒதுக்குவதே வழக்கம். ஆனால் மலையடிவாரத்தை நெருங்க நெருங்க உயரத்திலுள்ள கோள்களும் மறைந்து, எஞ்சியவை ஒரே பக்கம் குவிந்துவிடும். அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. அளவைக்கு முற்பகல் வேளை ஏற்றது. இடிமழை கூடும் பிற்பகலைத் தவிர்க்கவும்.

2. கருவி 'பிக்ஸ்' நிலையைக் காட்டிய பின்னரே புள்ளியைக் குறிக்கும்படி நில அளவரைக் கேட்கலாம். 'ப்ளோட்' நிலையில் பிழை பல சென்டிமீட்டர் முதல் அரை மீட்டர் வரையிலும் போகக்கூடும்.

3. ஒவ்வொரு மூலையையும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு இருமுறை அளத்தல் வேண்டும். அதற்குள் கோள்களின் நிலை மாறிவிடுமாதலால் பிழை வெளிப்படும்.

4. வெள்ளத்தில் அசையாத பழைய எல்லைக்கல் ஒன்றேனும் அருகிலிருந்தால், அதையும் அளந்து புலப்படத்துடன் ஒத்துப்பார்க்கவும்.

5. இடி, மின்னலின்போது திறந்த வயலில் உலோகக் கம்பத்தைப் பிடித்து நிற்பது உயிருக்கு ஆபத்து.

மழையைக் கண்டு அளவையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெயிலைக் கண்டு நம்பிவிடவும் கூடாது. இரண்டாம் முறை அளந்தும் மாறாத அளவின்மீதே கல்லை நடுதல் வேண்டும். கல் நட்ட பிறகு அண்டை நிலத்தாருடன் வழக்காடுவதைக் காட்டிலும், நடுமுன் ஒரு மணி நேரம் காத்திருப்பது இரு தரப்பாருக்கும் இலாபகரமானது.