பாதத்துக்குப் பாதையே ஆசான்

வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைக் கடந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் வெள்ளகவி வரும். 1821-இல் லெப்டினன்ட் வார்டு, கொடைக்கானல் மலையை அளக்க ஏறிச் சென்றது இந்த ஊரிலிருந்துதான். தெய்வங்கள் உறையும் மண் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. அங்கே குழந்தையின் முதல் அடி வெறும் மண்ணில் பதிகிறது. நகரத்திலோ, முதல் அடிக்கு முன்பே ஷூ வாங்கிவிடுகிறோம். வளரும் பாதத்துக்கு எது நல்லது?

குருத்தெலும்புப் பாதம்

வளர்ந்தவரின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவற்றில் பல குருத்தெலும்பாகவே இருக்கும். உள்வளைவின் உச்சியில் இருக்கும் படகெலும்பு, பெரும்பாலும் மூன்று வயதையொட்டித்தான் இறுகத் தொடங்கும். அதுவரை அந்த இடத்தைக் கொழுப்புத் திசு நிரப்பியிருப்பதால் எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டையாகவே தெரியும். இதைக் கண்டு கலங்க வேண்டாம். வளைவு மெல்ல மெல்ல, பத்து வயதுவரைகூட உருவாகிக்கொண்டிருக்கும்.

பிள்ளைத்தமிழ், தளர்நடை பயிலும் வருகைப் பருவத்தை 13-ஆம் மாதத்தில் வைக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்விலும், தனியாக நடக்கும் சராசரி வயது ஏறக்குறைய 12 மாதம். எட்டு மாதத்தில் நடந்த குழந்தைகளும் உண்டு, பதினேழு மாதம் தாண்டி நடந்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடத் தேவையே இல்லை.

புதிதாக நடக்கும் குழந்தை கால்களை அகட்டி, கைகளை உயர்த்தி, முழுப் பாதத்தையும் ஒன்றாகப் பதிக்கும். குதிகாலை முதலில் ஊன்றும் நடை பிறகுதான் வரும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரென் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள். விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் பாதத் தசைகளும் சமநிலையும் தேறுகின்றன.

2,300 குழந்தைகளின் காலடித் தடம்

எலும்பு மருத்துவர்கள் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும், நம் நாட்டில் 4 முதல் 13 வயதுவரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 சதவீதம்தான். காலணி அணிந்தவர்களிலும், விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடமே தட்டைப்பாதம் அதிகம். செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. மண்ணை விரல்களால் பற்றி நடக்கும் உழைப்பு வளைவு உருவாக உதவக்கூடும் என்பதையே இது உணர்த்துகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியது

வீட்டிலும் சுத்தமான முற்றத்திலும் குழந்தை வெறுங்காலோடு நடக்கட்டும். வெளியே செருப்பு அவசியம். அசுத்தமான மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும். மலைக் குளிரிலிருந்தும் முள்ளிலிருந்தும் காப்பு வேண்டும். விரல்கள் விரிய இடமும், வளைந்து கொடுக்கும் மெல்லிய அடிப்பாகமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம். விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் மர நடைவண்டி அப்படியல்ல. அதில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுகிறது. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

பிறக்கும்போதே பாதம் உள்நோக்கி வளைந்திருந்தாலோ, 18 மாதமாகியும் நடக்காவிட்டாலோ, ஒரு கால் மட்டும் நொண்டினாலோ, பாதம் விறைத்து வலித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, நடக்கக் கற்கும் குழந்தைக்கு விலையுயர்ந்த காலணி எதையும் சொல்லித் தராது. நடக்க இடமும், விழ அனுமதியும், அவசரப்படுத்தாத பெரியவர்களுமே அதற்குத் தேவை.